மாத்திரைதானே என்று நினைக்காதீர்கள்
(வீட்டில் சாப்பிடும் புற்றுநோய் மருந்து பற்றி ஒரு பாடம்)



இந்த மாதப் பாடத்தைக் குழுக் கூட்டத்தில் சேமிப்பும் கடன் வரவும் எழுதி முடித்த பிறகு, படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசியுங்கள். மற்றவர்கள் கேளுங்கள். "நம்ம வீட்ல யாருக்கும் புற்றுநோய் இல்லையே, நமக்கு எதுக்கு?" என்று எழுந்து போய்விட வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தேவைப்படலாம்.

நடந்த கதை

நம் கூட்டமைப்பில் ஓர் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் ஆனது, டிரிப்ஸில் மருந்து ஏற்றினார்கள், அதன்பின் வீட்டிலேயே சாப்பிட மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அக்காவுக்கு நிம்மதி. "இனிமே பஸ் ஏறி அலைய வேண்டாம், ஊசி வேண்டாம், வெறும் மாத்திரைதானே" என்றார்.

ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. யாரிடமும் சொல்லவில்லை. வாயெல்லாம் புண். அதையும் சொல்லவில்லை. மாத்திரையை மட்டும் ஒரு வேளை தவறாமல் போட்டுக்கொண்டே இருந்தார். ஒன்பதாம் நாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. குழுப் பெண்கள்தான் 108-க்குப் போன் செய்து கூட்டிப் போனார்கள்.

நாங்கள் போய்ப் பார்த்தபோது அக்கா சொன்னது இதுதான்: "விட்டா நோய் திரும்பிடும்னு பயந்தேன். நிறுத்தலாம்னு எனக்குத் தெரியாதே." கையில் இருந்த சீட்டு முழுக்க இங்கிலீஷ். தாங்கிக்கொள்வதுதான் தைரியம் என்று நினைத்துவிட்டார். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். பிறகு டாக்டர் அளவைக் குறைத்துக் கொடுத்து, மருந்தை முழுசாக முடித்தார். "மத்தவங்களுக்கு இதைச் சொல்லுங்க" என்று கேட்டதும் அவர்தான்.

இது என்ன மருந்து?

அக்கா சாப்பிட்ட மாத்திரையின் பெயர் கேப்சிடபின். மார்பகம், பெருங்குடல், மலக்குடல், இரைப்பைப் புற்றுநோய்களுக்குக் கொடுப்பார்கள். வாயால் விழுங்கினாலும் இது உடம்புக்குள் போய், பல காலமாக ஊசி வழியாக ஏற்றுகிற புற்றுநோய் மருந்தாகவே மாறுகிறது. அதனால் ஊசிக்கு இருக்கிற வேகமும் ஆபத்தும் இதற்கும் உண்டு. ஊசி போடும்போது பக்கத்தில் நர்ஸ் இருப்பார். வீட்டில் நாம்தான் கவனிக்க வேண்டும்.

எப்படிச் சாப்பிட வேண்டும்?

ஆளின் உயரம், எடை பார்த்துத்தான் அளவு போடுவார்கள். ஒருவர் மாத்திரை இன்னொருவருக்கு ஆகாது.

பெரும்பாலும் 14 நாள் சாப்பிட்டு, 7 நாள் விடச் சொல்வார்கள். 21 நாள் சேர்ந்தால் ஒரு சுற்று. சிலருக்குக் கணக்கு வேறாக இருக்கும். உங்கள் டாக்டர் சொன்னதே கணக்கு. அந்த 7 நாள் ஓய்வும் வைத்தியத்தில் சேர்ந்ததுதான். அப்போதுதான் நல்ல செல்களும் ரத்தமும் தேறும். "மாத்திரை மிச்சம் இருக்கே" என்று ஓய்வு வாரத்தில் போடக் கூடாது. அடுத்த சுற்றுக்கு முன் ரத்தப் பரிசோதனை இருக்கும். அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

காலையும் இரவும், ஏறக்குறைய 12 மணி நேர இடைவெளியில், சாப்பிட்டு முடித்த அரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். நம்மில் பலர் காலையில் ஒரு டீயோடு வயலுக்குப் போய்விடுகிறோம். டீ சாப்பாடு ஆகாது. இட்லியோ, கஞ்சியோ, பழைய சோறோ, ஏதாவது சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரோடு முழுசாக விழுங்குங்கள். கடிக்கவோ, உடைக்கவோ, பொடிக்கவோ கூடாது.

ஒரு வேளை மறந்துவிட்டால் விட்டுவிடுங்கள். அடுத்த வேளையில் வழக்கமான அளவு மட்டும் போதும். சேர்த்துப் போடக் கூடாது. வாந்தியில் வெளியே வந்துவிட்டாலும் திரும்பப் போடாதீர்கள்.

500 மி.கி., 150 மி.கி. என்று இரண்டு அளவில் இந்த மாத்திரை வருகிறது. கம்பெனிக்குக் கம்பெனி பெயரும் மாறும். புது அட்டை வாங்கினால் உள்ளே இருப்பது அதே மருந்தா, அதே அளவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய அட்டையும் புது அட்டையும் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

எப்போது நிறுத்த வேண்டும்?

இந்தப் பகுதியை இரண்டு முறை வாசியுங்கள். கீழே உள்ளதில் ஒன்று வந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல், உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.

1. வழக்கத்தைவிட நான்கு தடவையோ அதற்கு மேலோ கூடுதலாக வயிற்றுப்போக்கு, அல்லது ராத்திரியில் எழுந்து போகும்படி ஆவது.
2. ஒரே நாளில் ஒரு முறைக்கு மேல் வாந்தி, அல்லது எதுவுமே சாப்பிட முடியாமல் போவது.
3. சாப்பிட முடியாத அளவு வாய்ப்புண்.
4. உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து, வீங்கி, வலித்து, வேலை செய்ய முடியாமல் போவது.
5. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், அல்லது குளிர் நடுக்கம்.
6. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல். இதற்குக் காத்திருக்க வேண்டாம், உடனே 108.

சிலருக்குப் பிறவியிலேயே இந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் சக்தி குறைவாக இருக்கும். அவர்களுக்கு முதல் சில நாளிலேயே கடுமையாகத் தாக்கும். மருந்து தொடங்கும் முன்பே "இதுக்கு டெஸ்ட் இருக்கா டாக்டர்?" என்று கேட்கலாம், தப்பில்லை.

நிறுத்தினால் நோய் திரும்பிவிடாதா என்று பயப்பட வேண்டாம். சில நாள் நிறுத்தி, அளவைக் குறைத்து மீண்டும் தொடங்குவது டாக்டர்கள் வழக்கமாகச் செய்வதுதான். விட்டுப்போன மாத்திரையைப் பிறகு சேர்த்துப் போட வேண்டியதும் இல்லை. ஆனால் நாமாக நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லாமல் இருப்பதும் தவறு.

கையும் காலும்

நம் பெண்களுக்குக் கையும் காலும்தானே சொத்து! இந்த மருந்தால் பலருக்கு உள்ளங்கையும் பாதமும் எரியும், மரத்துப் போகும், தோல் உரியும். கொதிக்கிற தண்ணீர், சூடான பாத்திரம், இறுக்கமான செருப்பு, வெயிலில் வெறுங்கால், மண்வெட்டி பிடிக்கும் வேலை ஆகியவற்றைத் தவிருங்கள். டாக்டர் சொல்லும் கிரீமைத் தினமும் தடவுங்கள்.

நீண்ட நாள் சாப்பிட்டால் சிலருக்குக் கைரேகையே அழிந்துவிடும். 2008-இல் சிங்கப்பூரிலிருந்து அமெரிக்கா போன 62 வயது நோயாளி ஒருவரை, ரேகை பதியவில்லை என்று விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டார்கள். நமக்கு ரேஷன் கடையிலும் பேங்கிலும் இந்தச் சிக்கல் வரலாம். இன்ன மருந்தால் ரேகை பதியவில்லை என்று டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டு, வேறு வழியில் பதியச் சொல்லிக் கேளுங்கள்.

வேறு மருந்துகள்

ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிடோயின், இவற்றோடு இந்த மருந்து சேர்ந்தால் ஆபத்து. ஃபோலிக் அமிலம் சேர்ந்த சத்து மாத்திரையும் பக்க விளைவைக் கூட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையிலும் அது உண்டு. நாட்டு மருந்து உட்பட, வீட்டில் சாப்பிடுவதை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டில் மற்றவர்கள்

மாத்திரையைத் தனி டப்பாவில், குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எடுத்துக் கொடுப்பவர் கையுறை போடட்டும், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். கர்ப்பிணியும் பால் கொடுக்கும் தாயும் தொடவே கூடாது. வாந்தி, மலம் பட்ட துணியைக் கையுறையோடு தனியாகத் துவையுங்கள். மிஞ்சிய மாத்திரையைக் குப்பையிலோ கழிப்பறையிலோ போடாமல் ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுங்கள். மருந்து சாப்பிடும் பெண், சாப்பிடும் காலத்திலும் முடிந்து ஆறு மாதம் வரையிலும் கர்ப்பம் ஆகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குழு என்ன செய்யலாம்?

கணக்கு எழுத நமக்குத் தெரியும். ஒரு காலண்டரில் மாத்திரை நாட்களையும் ஓய்வு நாட்களையும் வேறு வேறு மையில் வட்டமிட்டுக் கொடுங்கள். போட்டதும் ஒரு கோடு. வயிற்றுப்போக்கு எத்தனை தடவை என்றும் அதிலேயே எழுதட்டும். ஆஸ்பத்திரி போன் நம்பரைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள். மருந்து வாங்கும் நாளிலேயே சீட்டைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தினம் ஒரு உறுப்பினர் போய், "இன்னிக்கு வயிறு எப்படி இருக்குக்கா? வாய் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். "நல்லா இருக்கியா?" என்று கேட்டால் எல்லோரும் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். அந்த அக்காவும் அப்படித்தான் சொன்னார்.

கூட்டத்தில் பேச:

1. அந்த அக்கா ஐந்தாம் நாள் என்ன செய்திருக்க வேண்டும்?
2. வலியை வெளியே சொல்லாமல் இருக்க நமக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்?
3. நம் குழுவில் யாராவது இப்படி மருந்து சாப்பிடுகிறார்களா? நாளைக்கு அவர் வீட்டுக்குப் போவது யார்? பெயரைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.