கறுத்தப் பன்றியும் அதன் இறைச்சியும்



ஆடு, மாடு, கோழி வளர்ப்பு பற்றி இந்தப் பக்கத்தில் பல தடவை பேசியிருக்கிறோம். இம்முறை பன்றி. "பன்னின்னா பன்னிதானே, அதுல என்ன இனம் கினம்?" என்று சிலர் கேட்பார்கள். மேல்நாட்டுத் தேயிலைக்கும் கீழ்நாட்டுத் தேயிலைக்கும் ருசி வேறு என்பது நமக்குத் தெரியாததா? இறைச்சியும் அப்படித்தான்.

இறைச்சியின் தரத்துக்காகவே பெயர் வாங்கிய இனம் பேர்க்ஷயர். உடம்பெல்லாம் கறுப்பு. நாலு பாதம், வால் நுனி, மூஞ்சி ஆகிய ஆறு இடங்களில் மட்டும் வெள்ளை இருக்கும். காது விறைத்து நிற்கும். மூக்கு குட்டையாக மேல்நோக்கி வளைந்திருக்கும். தோல் கறுப்பானதால் வெள்ளைப் பன்றியைப் போல வெயிலில் சீக்கிரம் வெந்து போகாது.

இதன் சொந்த ஊர் இங்கிலாந்திலே ரெடிங் பட்டணம் இருக்கும் பேர்க்ஷயர் பிரதேசம். அந்தக் காலத்துப் பன்றி செம்மை நிறமும் கரும்புள்ளியுமாக, எலும்பு பெருத்ததாக இருந்தது. பிறகு சீனா, சியாம் நாடுகளின் சிறிய பன்றிகளோடு கலந்து இப்போதைய உருவம் வந்தது. 1875 இல் அமெரிக்காவிலும் 1884 இல் இங்கிலாந்திலும் இந்த இனத்துக்கென்றே சங்கம் அமைத்து, எந்தக் குட்டி எந்தத் தாய்க்குப் பிறந்தது என்று பேரேட்டில் பதிந்தார்கள். 1945 இல் வெளிவந்த ஜோர்ஜ் ஓர்வெலின் 'விலங்குப் பண்ணை' கதையில் சர்வாதிகாரம் பண்ணும் நெப்போலியன் என்ற பன்றியும் பேர்க்ஷயர்தான்!

அந்த இறைச்சியில் என்ன விசேஷம்? சாதாரண வெள்ளைப் பன்றியில் கொழுப்பு தோலுக்கு அடியில் தனியாகக் கிடக்கும், சதை வெளிறி இருக்கும். பேர்க்ஷயரில் சதைக்கு உள்ளேயே மெல்லிய நூல் போலக் கொழுப்பு ஓடியிருக்கும். சதை நார் மெலிது, நிறம் சிவப்பு. தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால் சட்டியில் போட்டதும் நீர் விட்டுச் சுருங்காது. கறி மெதுவாக, சாறோடு இருக்கும்.

இவ்வளவு இருந்தும் இந்த இனம் பிறந்த நாட்டிலேயே அழியப் பார்த்தது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் பேக்கன் தொழிற்சாலைகள் நீண்ட உடம்பும் குறைந்த கொழுப்பும் உள்ள வெள்ளைப் பன்றியைத்தான் கேட்டன. 1955 இல் பிரித்தானிய அரசு அமைத்த குழுவும் லார்ஜ் வைட், லாண்ட்ரேஸ், வெல்ஷ் என்ற மூன்று இனங்கள் போதும் என்று சொல்லிவிட்டது. மற்றவை ஓரம் கட்டப்பட்டன.

அதற்குக் கௌரவம் கொடுத்தவர்கள் ஜப்பானியர். தெற்கே ககோஷிமா என்ற இடத்தில் இதைக் 'குரோபுட்டா', அதாவது கறுத்தப் பன்றி, என்று பெயர் சொல்லியே விற்கிறார்கள். ககோஷிமாவில் எரிமலைச் சாம்பல் மண். நெல் சரியாக வராது, வத்தாளங்கிழங்கு நன்றாக வரும். விற்பதற்கு முந்திய 60 நாளாவது தீனியில் 10 முதல் 20 வீதம் வரை அந்தக் கிழங்கைச் சேர்க்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதனால் கொழுப்பு வெள்ளையாக, கெட்டியாக வரும். மீன் கழிவை அதிகம் போட்டு வளர்த்தால் கொழுப்பு இளகி மீன் வாடை அடிக்கும். தீனி எதுவோ, கறியும் அதுவே.

இனி கணக்குக்கு வருவோம். வெள்ளைக் கலப்புப் பன்றி ஆறு மாதத்தில் விற்கிற எடைக்கு வந்துவிடும். ககோஷிமாவில் எட்டு, ஒன்பது மாதம் வைத்திருக்கிறார்கள். குட்டியும் குறைவு. தரத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கும் ஆள் இருந்தால்தான் இது கட்டும். உயிரெடைக்குக் காசு கொடுக்கும் வியாபாரிக்கு விற்பவர் இனத்தைத் தேடி அலைவதில் பிரயோசனம் இல்லை என்பதே நம் அபிப்பிராயம்.

ஆனால் செலவில்லாத விஷயம் ஒன்று இருக்கிறது. விற்கும் நாளில் பன்றியை விரட்டி, அடித்து, காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு போகிறோமே, அந்தப் பயத்தில் சதையில் புளிப்பு வேகமாக ஏறி, இறைச்சி வெளிறித் தண்ணீராய் ஒழுகும். எவ்வளவு நல்ல இனமென்றாலும் அந்தக் கால் மணி நேரத்தில் கெட்டுவிடும். பன்றிக்கு வியர்த்துச் சூடு தணிக்கும் வசதியும் இல்லை. ஆகவே வெயில் ஏறுமுன் விடியக்காலையிலே மெதுவாக நடத்திக் கொண்டுபோங்கள், தண்ணீர் கொடுத்து நிழலில் ஆறவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2024 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல் நம் நாட்டிலும் பரவியது. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் பன்றிக்கு வந்தால் மருந்தில்லை, பட்டியே காலியாகும். ஒரு வீட்டின் பல மாதச் சேமிப்பு ஒரு வாரத்தில் போய்விடும். பச்சை இறைச்சியிலும் உப்புக்கண்டத்திலும் அந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கடையிலிருந்து, கல்யாண வீட்டிலிருந்து வாங்கி வரும் மிச்சத்தில் இறைச்சித் துண்டு இருந்தால் பன்றிக்குப் போடாதிருப்பதே நல்லது. போடத்தான் வேண்டுமென்றால் கிளறிக் கிளறி, கொதிக்கும் சூட்டில் ஒரு மணித்தியாலமாவது வேகவைக்க வேண்டும். சும்மா ஒரு கொதி போதாது. கடுங்காய்ச்சல், தீனி மறுப்பு, காதிலும் வயிற்றிலும் சிவந்த அல்லது நீலம் பாரித்த திட்டுகள், திடீர்ச் சாவு கண்டால் அறுத்துப் பங்கு போட்டுவிடாமல், விற்றும் விடாமல், அன்றைக்கே அரச கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். அவர் வரும்வரை அந்தப் பட்டிக்குப் போன செருப்போடு அடுத்த வீட்டுப் பட்டிக்குள் யாரும் போகக் கூடாது.