ஜீப் எஞ்சின் ஓயாது சூடேறுதல்: காரணம் காணும் முறை

களப்பணியில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த ஜீப் வகை வண்டிகளில், எஞ்சின் அளவு மீறிச் சூடேறுதல் அடிக்கடி காணப்படும் குறையாகும். நீர் ஊற்றினால் அன்று அடங்கும். மறுநாள் மீண்டும் தோன்றும். பட்டறையில் முதலில் தெர்மோஸ்டாட் மாற்றப்படுகிறது, பின்னர் ரேடியேட்டர், அதன்பின் பம்பு. பணம் செலவாகிறது, குறையோ நீங்குவதில்லை. இதற்கிடையில் சிலிண்டர் ஹெட் வெப்பத்தால் வளைந்துவிடுமாயின், சிறு பழுது பெரும் பழுதாகி, வண்டி பல நாட்கள் பணிக்கு உதவாது போகும். ஆகவே, உறுப்புக்களை மாற்றத் தொடங்குவதற்கு முன், வண்டி எந்த நிலையில் சூடேறுகிறது என்பதைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். தேடவேண்டிய இடத்தை அந்நோக்கே காட்டிவிடும்.

வெப்பத்தின் வரவு செலவு

எரிபொருள் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வேலையாக மாறுகிறது. ஏறத்தாழ அதே அளவு வெப்பம் புகையுடன் வெளியேறுகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியை எஞ்சினைச் சுற்றியோடும் நீர் ஏற்று, ரேடியேட்டரின் வழியாகக் காற்றுக்குக் கொடுக்கிறது. பம்பு நீரைச் சுழலச் செய்கிறது. நீரின் சூடு ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரி செல்சியஸை அடையும்போது, தெர்மோஸ்டாட் ரேடியேட்டருக்குச் செல்லும் வழியைத் திறக்கிறது. விசிறி காற்றை இழுக்கிறது. மூடி, அமைப்பினுள் அழுத்தத்தைக் காக்கிறது. எனவே குறைகள் மூவகைப்படும்: காற்றோட்டம் போதாமை, நீரோட்டமோ வெப்பம் கடத்தலோ போதாமை, எஞ்சினிலிருந்து நீருக்கு அளவுக்கு மேல் வெப்பம் சேர்தல்.

மானி மெய் கூறுகிறதா?

முதலில் மானியையே சோதித்தல் வேண்டும். உணர்கருவி பழுதாயினும், மின்கம்பியின் எர்த் இணைப்பு தளர்ந்திருந்தாலும், முள் பொய்யாக ஏறக்கூடும். தொடாமல் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியைத் தெர்மோஸ்டாட்டின் உறைக்கு அருகே காட்டி, இரு அளவுகளையும் ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

எப்பொழுது சூடேறுகிறது?

1. நின்றபடி எஞ்சின் ஓடும்போதும், நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும் சூடேறி, வேகமாகச் சென்றால் சூடு தணியுமாயின், காற்றோட்டமே குறையுடையது. வேகத்தில் எதிர்க்காற்று விசிறியின் வேலையைச் செய்துவிடுகிறது. பெல்ட்டின் இறுக்கம், விசிறியைச் சூழ்ந்த உறை, விசிறியின் கிளட்ச் ஆகியவற்றைக் காண்க. சிலிக்கோன் எண்ணெயால் இயங்கும் கிளட்ச் உள்ள வண்டியில், எஞ்சின் நன்கு சூடேறியபின் அதனை நிறுத்திச் சாவியையும் எடுத்துவிட்டு, விசிறியைக் கையால் சுழற்றுக. தடையின்றிப் பல சுற்றுச் சுழன்றால் கிளட்ச் தளர்ந்துவிட்டது எனலாம். மின்விசிறி உள்ள வண்டிகளில் அது தானே ஓடத் தொடங்கக்கூடுமாதலின், கை வைத்தல் ஆகாது.

2. நெரிசலில் சூடேறாது, நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்லும்போது சூடேறுமாயின், நீரோட்டத்தையும் ரேடியேட்டரையும் ஆராய்தல் வேண்டும். ஆழ்குழாய்க் கிணற்றின் கடின நீரைப் பலகாலம் ஊற்றிய வண்டிகளில் குழல்களின் உட்புறம் சுண்ணாம்புப் படிவு ஏறியிருக்கும். அப்படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன், செம்பின் திறனில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. வெப்பமானியை ரேடியேட்டரின் முகமெங்கும் நகர்த்திப் பார்த்தால், அடைபட்ட குழல்கள் உள்ள பகுதி குளிர்ந்திருப்பது தெரியும். குளிர்சாதனமுள்ள வண்டிகளில் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே புழுதியும் வைக்கோலும் பூச்சிகளும் செறிந்திருப்பது வெளியிலிருந்து புலப்படாது. எஞ்சின் பக்கத்திலிருந்து முன்புறமாக மெல்ல நீர் பாய்ச்சி இவற்றை அகற்றுதல் வேண்டும்.

3. மேட்டில் ஏறும்போதோ, பாரம் மிக்கபோதோ மட்டும் சூடேறுமாயின், ரேடியேட்டரின் திறன் ஓரளவு குன்றியிருக்கலாம். அல்லது எஞ்சின் வீண்வேலை செய்யக்கூடும். பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக், வழுக்கும் கிளட்ச், எரிபொருள் பீய்ச்சும் நேரம் பிசகியிருத்தல் ஆகியவற்றைச் சோதிக்க.

4. குளிர்ந்த எஞ்சினை இயக்கிய சில நிமிடங்களிலேயே மேற்குழாய் கல்போல் இறுகுதல், ரேடியேட்டரில் ஓயாது குமிழிகள் எழுதல், கசிவு ஏதுமின்றி நீர் குறைதல் ஆகியவை, எரிவாயு ஹெட் காஸ்கெட்டைக் கடந்து நீரினுட் புகுவதைக் குறிக்கும். இந்நிலையில் வண்டியை மேலும் ஓட்டலாகாது.

அழுத்தமும் உயரமும்

மூடியின் பயனை மலைப்பாதையில் நன்கு உணரலாம். கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும் நீர், ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் சுமார் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோகிராம் அழுத்தம் தாங்கும் மூடி பழுதின்றி இருந்தால், அக்கொதிநிலை அங்கு ஏறத்தாழ 112 டிகிரியாகவும், கடல் மட்டத்தில் ஏறத்தாழ 118 டிகிரியாகவும் உயரும். மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தாலோ, அத்தகைய உயரத்தில் தெர்மோஸ்டாட் முழுதும் திறப்பதற்கு முன்னரே நீர் கொதிக்கத் தொடங்கும். சிறுவிலையுள்ள மூடியை முதலில் சோதிப்பது இதனாலேயே அறிவுடைமையாகும்.

தவிர்க்கத்தக்க பழக்கங்கள்

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு வண்டியை ஓட்டும் பழக்கம் பரவலாக உள்ளது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே மாற்றுவழியை அடைக்கிறது. அதனை நீக்கினால், சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரை அடையாமல் எஞ்சினுக்கே திரும்பி, சூடு கூடக்கூடும். குளிர்காலத்திலோ எஞ்சின் தக்க சூட்டை அடையாமல் தேய்மானமும் எரிபொருட் செலவும் மிகும்.

கூலண்டுக்குப் பதிலாகக் குழாய் நீரை ஊற்றுவதும் தீது. எத்திலீன் கிளைக்காலும் தூய நீரும் சமஅளவிற் கலந்த கலவை, சாதாரண அழுத்தத்தில் ஏறத்தாழ 107 டிகிரியில்தான் கொதிக்கும். அதிலுள்ள துருத்தடுப்புப் பொருள்கள் உலோகத்தைக் காக்கும்.

சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறத்தலாகாது. அழுத்தம் நீங்கிய கணமே நீர் கொதித்துப் பீறிட்டு, முகத்தையும் கையையும் வேகச் செய்யும். மேற்குழாயைக் கையால் தொடக்கூடிய அளவு ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு வண்டியில் ரேடியேட்டரும் தெர்மோஸ்டாட்டும் புதியவை எனக் கொள்வோம். நகருக்குள் சூடேறுவதில்லை, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சிறிது நேரம் சென்றால் முள் ஏறுகிறது, வேகம் குறைந்தால் இறங்குகிறது. ஆகவே விசிறி குற்றவாளியன்று. ரேடியேட்டர் புதியதாதலின், எஞ்சுவது நீரோட்டமே. வண்டியை நிறுத்தி, எஞ்சினின் வேகத்தை உயர்த்தி, சுழலும் உறுப்புக்களுக்கு எட்ட நின்று கீழ்க்குழாயைக் கவனிக்கும்போது, பம்பின் இழுப்பால் அது ஒட்டி நெளியுமாயின் காரணம் வெளிப்பட்டது. நைந்த ரப்பர்க் குழாய் ஒன்றை மாற்றினால் போதும். அது நெளியாதிருப்பின், அடுத்து ஆராயவேண்டியது பம்பின் சுழல்தகடு அரித்துப்போயிருக்கிறதா என்பதாகும்.

வகுப்பறைக்கு

தெர்மோஸ்டாட்டை நூலிற் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாதவாறு நீரில் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் சூடேற்றுக. அது திறக்கத் தொடங்கும் வெப்பநிலையை, அதன்மேற் பொறித்துள்ள எண்ணுடன் மாணவர் ஒப்பிடட்டும்.

புரோமோதைமால் நீலக் கரைசலில் குழல்வழியே மூச்சை ஊதினால், கரியமில வாயுவால் அது பச்சையாகிப் பின் மஞ்சளாகும். ரேடியேட்டரின் வாயில் சேரும் ஆவியை இத்தகைய நீலக் கரைசலினூடே செலுத்தியே பட்டறையிலும் ஹெட் காஸ்கெட்டின் குறை கண்டறியப்படுகிறது. அங்கும் நிறம் மாறுதலே எரிவாயுக் கசிவின் சான்றாகும்.

குறிப்பேடு

சூடேறும் ஒவ்வொரு முறையும் ஓட்டுநர் ஐந்து செய்திகளைக் குறித்துவைத்தல் நலம்: வண்டியின் வேகம், பாதை சமவெளியா மேடா என்பது, பாரம், குளிர்சாதனம் இயங்கியதா என்பது, பின்னர் ஊற்றிய கூலண்டின் அளவு. இக்குறிப்பேட்டுடன் பட்டறைக்குச் செல்லும் வண்டியில், மெக்கானிக் ஊகத்தை விட்டுக் காரணத்திலிருந்தே வேலையைத் தொடங்க இயலும்.