ராம் வாங்கப் புறப்படும் முன்



வீட்டுக் கணிப்பொறி ஆமை வேகத்தில் நகர்கிறது என்றால் உடனே புதியது வாங்க வேண்டும் என்பதில்லை. ராம் எனப்படும் நினைவகத்தைக் கூட்டினாலே, பிள்ளைகளின் படிப்புக்கு அது இன்னும் சில வருடங்கள் உழைக்கக் கூடும். ஆனால் எல்லா ராமும் எல்லாக் கணிப்பொறிக்கும் பொருந்தாது. 2025-ன் பிற்பகுதியில் ராம் விலை உலகெங்கும் கிடுகிடுவென ஏறியது. பொருந்தாததை வாங்கிவிட்டு, மாற்றித் தரும்படி கடைக்காரரிடம் மன்றாடுவதைவிட, வீட்டிலேயே ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொண்டு புறப்படுவது நல்லது.

1. தலைமுறை: டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று மூன்று வகைகள் இன்று புழக்கத்தில் உள்ளன. டெஸ்க்டாப்புக்கான டிடிஆர்3-ல் 240 பின்கள், மற்ற இரண்டிலும் 288. பார்வைக்கு மூன்றும் ஒரே நீளம்தான். ஆனால் அடியில் உள்ள வெட்டு ஒவ்வொன்றிலும் வேறு இடத்தில் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. அழுத்தினால் மதர்போர்டுதான் பாழாகும்.

2. வடிவம்: லேப்டாப்புக்கு உரியது 'சோடிம்' எனப்படும் சிறிய வகை. சில லேப்டாப்களில் ராம் போர்டுடனேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதை மாற்ற இயலாது. டிடிஆர்3 கேட்கும் லேப்டாப்களில் சில, 1.35 வோல்ட் வகையை மட்டுமே ஏற்கும். அதன் லேபிளில் 'பிசி3எல்' என்று இருக்கும்.

3. இடமும் உச்ச அளவும்: விண்டோஸ் 10 அல்லது 11-ல் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ், பிறகு மெமரி. எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியுள்ளது, என்ன வேகம் என்று அங்கேயே தெரியும். மதர்போர்டு அதிகபட்சம் எவ்வளவு தாங்கும் என்பதை அதன் மாடல் எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் பாருங்கள்.

4. வேகம்: 2666 வேக ராமுடன் 3200-ஐச் சேர்த்தால் இரண்டும் 2666-லேயே ஓடும். ஆகவே அதிக வேகத்துக்கு அதிகப் பணம் கொடுப்பது வீண். லேபிளில் 'பிசி3-12800' என்று இருந்தால் பயப்பட வேண்டாம். 12800-ஐ 8-ஆல் வகுத்தால் 1600, அதுதான் வேகம்.

5. விண்டோஸ் வகை: வீட்டு உபயோகத்துக்கான 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. 64 பிட் இல்லையென்றால் ராம் கூட்டியும் பலனில்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். தாராவியில் வணிகவியல் படிக்கும் பெண் ஒருத்தியின் பழைய டெஸ்க்டாப்பை நான் பார்க்க நேர்ந்தது. இன்டெல் நான்காம் தலைமுறை, 64 பிட் விண்டோஸ், இரண்டு ஸ்லாட், ஒன்றில் 4 ஜிபி டிடிஆர்3, வேகம் 1600. ஆன்லைன் வகுப்பும் டாலியும் சேர்ந்தால் திணறியது. "புதுசுதான் வாங்கணுமா அண்ணாச்சி?" என்று கவலையோடு கேட்டார் அவள் அப்பா. தேவைப்பட்டது அதே வகையில் இன்னொரு 4 ஜிபி மட்டுமே. ஒரே அளவில் இரண்டு போட்டால் இரண்டும் ஜோடியாக இயங்கும். அது கூடுதல் லாபம். கடையில் அவருக்குக் காட்டிய முதல் ராம் டிடிஆர்4. கையில் துண்டுச்சீட்டு இருந்ததால் அங்கேயே மறுத்துவிட்டார்.

லாமிங்டன் ரோட்டுக்கு கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் இறங்க வேண்டும். தாராவிக்காரர்களுக்கு மாகிமிலிருந்து நேர் வண்டி. மாட்டுங்காவிலிருந்து சென்ட்ரல் வண்டியில் வருவோர் தாதரில் மாற வேண்டும். முடிந்தால் பழைய ராமையே கழற்றி எடுத்துச் செல்லுங்கள். அதைவிட நல்ல மாதிரி கிடையாது. கழற்றுமுன் மின்சாரத்தைத் துண்டித்து, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுவிடுங்கள். உடலில் சேர்ந்த நிலைமின்சாரம் சிப்பைக் கெடுத்துவிடும். மலிவாகக் கிடைக்கிறதென்று சர்வர் ராமை வாங்காதீர்கள். 'ரெஜிஸ்டர்டு' வகை சாதாரண டெஸ்க்டாப்பில் வேலை செய்யாது.

பில்லில் வகை, அளவு, வேகம் மூன்றையும் எழுதி வாங்குங்கள். வீடு வந்த அன்றே ராமைப் பொருத்தி, விண்டோஸிலேயே உள்ள மெமரி டயக்னாஸ்டிக் சோதனையை ஓட்டிவிடுங்கள். பழுது இருந்தால் மறுநாளே கடைக்குப் போய்க் கேட்கலாம்.