"நன்று" என்றால் போதுமா?



எங்கள் வகுப்பில் மாதந்தோறும் ஒரு கையெழுத்துப் பத்திரிகை வெளியிடுகிறோம். ஒவ்வொரு படைப்பின் அடியிலும் கருத்து எழுதச் சிறிது இடம் விடுவது வழக்கம். ஆகஸ்டு இதழில் தோழி ஒருத்தி, தன் ஊர்க் குளம் தூர்ந்துபோன கதையை நான்கு பக்கங்களில் எழுதியிருந்தாள். அதன் கீழே நாங்கள் இருபத்தாறு பேர் "நன்று", "அருமை", "சூப்பர்" என்று எழுதி வைத்தோம். அடுத்த மாதம் அவள் ஒன்றும் எழுதித் தரவில்லை. காரணம் கேட்டோம். "ஒருவரும் படிக்கவில்லையே, எதற்காக எழுத வேண்டும்?" என்றாள். நாங்கள் வெட்கித் தலைகுனிந்தோம்.

இதை அறிந்த எங்கள் கணித ஆசிரியையான அருட்சகோதரி, எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "மரீன் மெர்சென் என்பவரைப் பற்றிப் படித்து வாருங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். நாங்கள் படித்தறிந்ததை இங்கே தருகிறோம்.

மெர்சென் 1588ஆம் ஆண்டு பிரான்சு நாட்டில் பிறந்தார். 1611இல் மினிம் துறவற சபையில் சேர்ந்தார். 'மினிம்' என்பதற்கு 'மிகச் சிறியவர்' என்பது பொருள். பாரிஸ் நகரத்து மடத்தில் ஒரு சிறிய அறையில் வாழ்ந்த இவரைச் சுற்றி ஐரோப்பாவின் பேரறிஞர்கள் கூடினார்கள். அந்நாளில் அறிவியல் இதழ்கள் இல்லை. முதல் இதழ்கள் 1665இல்தான் தோன்றின. ஆகவே கடிதமே வழி. மெர்சென் தமக்கு வந்ததைக் கூர்ந்து படிப்பார். ஐயம் எழுந்த இடத்தில் கேள்வி கேட்பார். அதே கேள்வியை வேறு நாட்டு அறிஞருக்கும் அனுப்புவார்.

தத்துவ அறிஞர் தெக்கார்த்து தம் 'தியானங்கள்' என்னும் நூலை 1641இல் வெளியிடுமுன், மெர்சென் அதன் கைப்படியைப் பலருக்கு அனுப்பி, மறுப்புரைகளில் பெரும்பகுதியைத் திரட்டிக் கொடுத்தார். அம்மறுப்புகளும் தெக்கார்த்தின் விடைகளும் அந்நூலிலேயே அச்சாயின. குறை கூறியது நட்பை முறிக்கவில்லை. நூலுக்கு வலிமையே சேர்த்தது.

1646இல் ஆலந்து நாட்டின் பதினேழு வயது மாணவர் கிறித்தியான் ஐகன்சு என்பவருக்கும் மெர்சென் கடிதம் எழுதினார். "நீ பெரிய அறிவாளி" என்று புகழ்ந்ததோடு நிறுத்தாமல், ஊசலைப் பற்றிய கடினமான கணக்கொன்றையும் கொடுத்தார். அப்போது அவரால் அதற்கு விடை காண முடியவில்லை. ஆனால் 1673இல் தம் ஊசல் கடிகார நூலில் விடையை வெளியிட்ட ஐகன்சு, இளமையில் அக்கேள்வியைக் கேட்டவர் மெர்சென் என்பதைக் குறிப்பிட்டார். கேட்டவர் 1648இலேயே மறைந்துவிட்டார், கேள்வி மறையவில்லை.

மெர்சென் தொடக்கத்திலேயே இப்படி இருந்தவர் அல்லர். 1623இல் எழுதிய நூலில் மாற்றுக் கருத்துடையோரை மிகக் கடுமையாகச் சாடினார். பின்னர் அவர் நடை கனிந்தது; பிற சபைக் கிறிஸ்தவ அறிஞர்களோடும் கடித நட்புக் கொண்டார். அவர் மறைந்தபின் அறையில் 78 பேர் எழுதிய கடிதங்கள் கிடைத்தன.

அவரும் தவறியதுண்டு. 2ஐ ஐந்து முறை பெருக்கி 1ஐக் கழித்தால் 31 என்னும் பகா எண் வருகிறதல்லவா? இத்தகைய எண்களுக்கு 1644இல் அவர் ஒரு பட்டியல் தந்தார். அதில் 67, 257 ஆகியவை தவறாக இடம் பெற்றன. 61, 89, 107 விடுபட்டன. இருப்பினும் அவ்வகை எண்களுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பிறரைத் தேடத் தூண்டியவரை உலகம் மறப்பதில்லை.

இவரிடம் நாம் கற்பவை மூன்று. முதலாவது, முழுவதும் படித்த பின்பே கருத்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது, எந்த வரி பிடித்தது, எது விளங்கவில்லை என்று குறிப்பாகச் சொல்ல வேண்டும். மூன்றாவது, எழுதியவர் மேலும் சிந்திக்க ஒரு கேள்வி கேட்க வேண்டும். கைப்பேசியில் கட்டைவிரல் படத்தை அனுப்ப ஒரு நொடி போதும். ஆனால் அதனால் எவரும் நம்மைத் தேடி வருவதில்லை.

நாங்கள் ஆகஸ்டு இதழை மீண்டும் எடுத்துப் படித்தோம். "குளம் தூர்ந்தபின் மழைநீர் எங்கே போகிறது?" என்று அந்தத் தோழிக்கு எழுதினோம். அவள் தன் தாத்தாவிடம் கேட்டு வந்தாள். வாய்க்காலின் பழைய வழியையும், இப்போது ஐப்பசி மழையில் தெருவுக்குள் நீர் புகும் இடத்தையும் படம் வரைந்து, டிசம்பர் இதழுக்கு ஆறு பக்கம் எழுதித் தந்தாள். அதைப் படிக்க ஒன்பதாம் வகுப்பினரும் கேட்டு வாங்கிச் சென்றனர். கீழே இருந்த இடம் போதாமல் தனித்தாள் ஒட்ட வேண்டியதாயிற்று.

தோழியரே, இந்த ஆண்டு மலரையும் அவ்வாறே படிப்போம். ஒருவருக்கேனும் ஒரு நல்ல கேள்வி கேட்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி