தண்ணீர் வழியே ஒரு வரலாறு

புதுச்சேரிக்கு வரும் நண்பர்கள் பெரும்பாலும் கடற்கரைச் சாலையில் நடந்து, மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அவர்களை அழைத்துக்கொண்டு சுற்றியதில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான்: ஓர் ஊரின் கதை தெரிய வேண்டுமானால், ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போக வேண்டும். நான் பிடித்துக்கொண்டது தண்ணீரை.

பாரதி பூங்காவில் தொடங்குங்கள். நடுவே நிற்கும் வெள்ளை ஆயி மண்டபம் மூன்றாம் நெப்போலியன் காலத்தது. ஆயி என்ற தாசியின் ஒளிவீசிய மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டாராம் கிருஷ்ணதேவராயர். உண்மை தெரிந்ததும் இடிக்கச் சொன்னார். ஆயி தானே மாளிகையை இடித்து, அங்கே ஊருக்குக் குளம் வெட்டினாள் என்பது செவிவழிக் கதை. பிற்காலத்தில், அந்தக் குளம் இருந்த முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பிரெஞ்சு அரசு, அவள் பெயரில் இந்த மண்டபத்தை எழுப்பியது. இன்று புதுச்சேரி அரசின் முத்திரையில் இருப்பதும் இதுதான்.

அடுத்து மேற்கே ஊசுட்டேரி. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையிலேயே போய்விடுங்கள்; வலசை வரும் பறவைகளைப் பார்க்கலாம். கரைமேல் நடந்து மதகுகளையும் அவற்றிலிருந்து பிரியும் வாய்க்கால்களையும் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே இங்கே வயலும் ஊரும் எப்படித் தழைத்தன என்பது விளங்கும்.

நகருக்குள் திரும்பியதும் பெரிய வாய்க்காலைக் கால்நடையாகத் தாண்டுங்கள். கிழக்கே உயர்ந்த மதில்களுக்குள் வெள்ளையர் வீடுகள். மேற்கே தெருவைப் பார்த்த திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழர் வீடுகள். வைசியாள் வீதியில் அந்தத் தாழ்வார நிழலில் கொஞ்சம் நில்லுங்கள். வழிப்போக்கரையும் மனத்தில் வைத்துக் கட்டிய வீடுகள் அவை.

புறப்படுமுன் ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் சில பக்கங்களாவது படித்துவிடுங்கள். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1736 முதல் கண்டதையும் கேட்டதையும் எழுதிவைத்தார். 1761 ஜனவரியில் அவர் இறந்த சில நாட்களில் நகரம் ஆங்கிலேயர் கையில் விழுந்தது. பிறகு அதை அவர்கள் தரைமட்டமாக்கினார்கள். ஆகவே நாம் ரசிக்கும் பிரெஞ்சுக் கட்டடங்களில் பெரும்பாலானவை அதற்குப் பின் எழுந்தவை. இது தெரிந்தால் ஒவ்வொரு சுவரையும் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

ஒரே நாள்தான் இருக்கிறதா? காலையை ஏரிக்கும் மாலையை வாய்க்காலுக்கு மேற்கே உள்ள தெருக்களுக்கும் கொடுங்கள். கடற்கரையை இரவில் பார்த்துக்கொள்ளலாம்.