கரிசல் தண்ணீரில் செடித் தொட்டி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

சென்னை கொளத்தூர்க் கடையில் தளதளவென்று இருந்த மீன்தொட்டிச் செடி எட்டயபுரத்துக்கோ கோவில்பட்டிக்கோ வந்த சில வாரங்களில் வெளுத்துப்போகிறது. கேட்டால் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: லைட் பத்தவில்லை. உடனே இன்னொரு எல்இடி வாங்குகிறோம். பல வீடுகளில் தொட்டி பாசிபிடித்துக் கெடுவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

“இலை மஞ்சளானால் வெளிச்சம் குறைவு.”

எந்த இலை என்று முதலில் பாருங்கள். வெளிச்சம் போதாத செடி தண்டு நீண்டு, கீழ் இலைகளை உதிர்க்கும். குருத்து இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைபாடு. கரிசல்காட்டு விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்ணாம்பு மிகுந்த நிலத்தில் நிலக்கடலையும் சோளமும் இப்படித்தான் வெளுக்கும். அன்னபேதியை (இரும்பு சல்பேட்) கரைத்து இலையில் தெளிப்பார்கள். அந்த மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. காரத்தன்மையில் அது கரையாத துருவாகிச் செடிக்கு எட்டாமல் போகிறது.

நம் போர் தண்ணீர் பெரும்பாலும் காரமானது. தொட்டிக்குள்ளும் அதே கதைதான். அன்னபேதியை அதில் போட்டால் சீக்கிரமே துருவாகப் படிந்துவிடும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ஈடிடிஏ வகை இரும்பு, பிஎச் 6.5 அளவுவரைதான் நன்றாகத் தாங்கும். டிடிபிஏ வகை ஏறத்தாழ 7.5 வரை தாங்கும். அதற்கும் மேல் ஈடிடிஹெச்ஏ. அது தண்ணீரைச் சற்றுச் சிவப்பாக்கும், ஆனால் செடிக்குப் போய்ச் சேரும். உர பாட்டில் வாங்கும்போது இந்த எழுத்துகளைத் தேடிப் படியுங்கள்.

“லைட்டைக் கூட்டினால் செடி வேகமாக வளரும்.”

வெளிச்சம் செடியின் பசியைத்தான் கூட்டும். கார்பன் டை ஆக்சைடு தனியாகச் செலுத்தாத தொட்டியில், காற்றிலிருந்து கரைவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. உலையில் அரிசி போடாமல் அடுப்பை மட்டும் எரியவிட்டு என்ன பயன்? செடி பயன்படுத்த முடியாத வெளிச்சத்தைப் பாசி எடுத்துக்கொள்கிறது. நாளுக்கு ஆறு மணி நேர வெளிச்சத்தில் தொடங்குங்கள். ஜன்னல் வெயில் விழும் இடத்தில் தொட்டியை வைக்காதீர்கள், நம் ஊர் வெயிலுக்கு எந்தக் கணக்கும் நிற்காது. வேலம்பாசி, வாலிஸ்நீரியா போன்றவை பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுக்கக்கூடியவை. நாம் குறைசொல்லும் கடினநீர் அவற்றுக்கு வரம்.

“பிஎச்சை 6.5க்கு இறக்கியே தீர வேண்டும்.”

இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை இது. எலுமிச்சைச் சாறு, வினிகர், நாட்டுவாதுமை இலை என்று எதைப் போட்டாலும் தண்ணீரிலுள்ள பைகார்பனேட் அந்த அமிலத்தை விழுங்கிவிடும். இறங்கிய பிஎச்சும் பெரும்பாலும் மறுபடி ஏறிவிடும். இந்த ஏற்ற இறக்கம்தான் மீனை வதைக்கிறது. கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) 15 உள்ள தண்ணீரில் பிஎச் 7.2க்கு வந்தாலே வாயு லிட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம் அளவை எட்டியிருக்கும்; மீனுக்கு அதுவே எல்லை. 6.5 வரை இழுத்தால் சுமார் 140 மில்லிகிராம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து தவித்துச் சாகும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கப்பி, மோலி, பிளாட்டி எல்லாம் கடினநீரை விரும்பும் மீன்கள். நியான் டெட்ராவையும் டிஸ்கஸையும் மென்னீர் உள்ளவர்களுக்கு விட்டுவிடலாம்.

“டிடிஎஸ் மீட்டர் இருந்தால் போதும்.”

அது அளப்பது தண்ணீரின் மின்கடத்தலை. சோடியம் உப்பு மிகுந்த கிணறும் சுண்ணாம்பு மிகுந்த கிணறும் அதில் ஒரே எண்ணைக் காட்டலாம். செடிக்கு இரண்டும் ஒன்றல்ல. சொட்டு மருந்து போல விட்டுப் பார்க்கும் ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை), கேஎச் கிட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

“வற்றினால் அதே தண்ணீரை ஊற்றலாம்.”

கோடையில் ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு தொட்டியிலேயே தங்கும். போர் தண்ணீரையே ஊற்றி நிரப்பினால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். வற்றிய அளவுக்கு ஆர்ஓ தண்ணீரோ, முதல் மழை மாடியைக் கழுவிப்போன பிறகு பிடித்த மழைநீரோ ஊற்றுங்கள். வாராந்தரத் தண்ணீர் மாற்றத்துக்குப் போர் தண்ணீர் போதும். சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரைக் கலந்தால் இன்னும் நல்லது, குளோரினை நீக்கிவிட்டு.