இரண்டு மணிக் கச்சேரி



இந்த மாதப் பாடம் இசை விழாவைப் பற்றியது. பாட்டு கற்றுக்கொள்ளாத பிள்ளைகள் "இது நமக்கில்ல" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சொல்லப்போனால் இந்தப் பாடம் பாடுகிறவர்களைவிடக் கேட்கிறவர்களுக்குத்தான்.

முதலில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நம்ம கெடா மாநிலத்தில் ஒரு பட்டணத்தில் சில வருஷங்களுக்கு முன் ஒரு கலைநிகழ்ச்சி. என் சனிக்கிழமைத் தேவார வகுப்புக்கு வரும் ஒரு தங்கச்சிக்கு அதில் பாட இடம் கிடைத்தது. பீடோங் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா லோரி ஓட்டுகிறார், அம்மா தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. வாரா வாரம் மோட்டாரில் சுங்கைப்பட்டாணி போய்ச் சங்கீதம் கற்றுக்கொண்ட பிள்ளை. மூன்று மாதமாக ஒரு வர்ணம், இரண்டு கீர்த்தனை, ஒரு தேவாரம் என்று தயார் செய்திருந்தது.

மதியம் இரண்டு மணிக்கு இருபது நிமிஷம் என்று அச்சடித்திருந்தார்கள். தொடங்கும்போது மணி இரண்டே முக்கால். மண்டபத்தில் முன்வரிசை காலி. ஒலிபெருக்கிக்காரர் அப்போதுதான் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் பிரமுகர் வந்துவிட்டார் என்று கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்கள். தேவாரம் பாடவே இல்லை.

காடியில் திரும்பி வரும்போது அந்தப் பிள்ளை என்னைக் கேட்டது: "அண்ணே, நான் நல்லா பாடலையா?"

எனக்குப் பதில் வரவில்லை. காரணம் என்ன தெரியுமா? அந்தப் பிள்ளை பாடத் தொடங்கியபோது நானே மண்டபத்தில் இல்லை. வெளியில் நின்று நம்ம இயக்கப் பிள்ளைகளோடு தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். முதல் பாட்டில் பாதி போன பிறகுதான் உள்ளே போனேன். ஏற்பாட்டாளர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1. மார்கழி விழா எப்படிப் பிறந்தது?

இன்று உலகத்திலேயே பெரிய இசை விழாக்களில் ஒன்று சென்னையில் நடக்கும் மார்கழி விழா. டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம்வரை, நகரம் முழுவதும் பல சபாக்களில் காலையிலிருந்து இரவுவரை கச்சேரி. 2017-ல் யுனெஸ்கோ தன் படைப்பாக்க நகரங்கள் பட்டியலில் சென்னையை இசைக்காகச் சேர்த்தது.

இதன் தொடக்கம் ஒரு அரசியல் மாநாடு. 1927 டிசம்பரில் சென்னையில் இந்திய தேசிய காங்கிரஸ் மாநாடு நடந்தது. அதையொட்டி அகில இந்திய இசை மாநாடு ஒன்றையும் கூட்டினார்கள். அங்கே எழுந்த யோசனையின் பலனாக 1928-ல் மியூசிக் அகாடமி தொடங்கப்பட்டது. அதற்குமுன் இந்த இசை வாழ்ந்த இடங்கள் கோயில், அரண்மனை, ஜமீன், கலியாண வீடு. அரண்மனையும் ஜமீனும் தளர்ந்தபோது, சாதாரண மக்கள் சந்தாவும் டிக்கெட்டும் கொடுத்து நடத்தும் சபாக்கள் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. ராஜா காப்பாற்றிய கலையை, பிறகு ரசிகர்கள் காப்பாற்றினார்கள் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2. நேரப் பட்டியல் ஒரு ஏணி

சபாக்களின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். மதியம் பன்னிரண்டு, இரண்டு மணி போன்ற நேரங்கள் பெரும்பாலும் வளர்ந்து வரும் கலைஞர்களுக்கு. பல சபாக்களில் அந்த நேரத்துக்கு டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம். நாலு மணி அதற்கு அடுத்த படி. மாலை ஆறு, ஆறரை மணி பெயர் பெற்ற வித்வான்களுக்கு, அதற்கு டிக்கெட்.

மதிய நேரத்திலிருந்து மாலை நேரத்துக்கு ஏற ஒருவருக்குப் பத்து வருஷமும் ஆகலாம், இருபது வருஷமும் ஆகலாம். சிலருக்குச் சீக்கிரம் நடக்கும். மாண்டலின் ஸ்ரீனிவாஸ் 1981 டிசம்பர் விழாவில் சென்னையில் வாசித்தபோது அவருக்கு வயது பன்னிரண்டு. கையில் வைத்திருந்ததோ மேற்கத்திய வாத்தியம். இதில் கமகம் வருமா என்று சந்தேகப்பட்டவர்களையும் உட்கார வைத்தது அந்த வாசிப்பு. ஆனால் எம். எஸ். சுப்புலட்சுமி எவ்வளவு புகழ் பெற்றிருந்தும், மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவருக்குக் கிடைத்தது 1968-ல்தான். அதைப் பெற்ற முதல் பெண்மணி அவர். அதாவது அகாடமி தொடங்கி நாற்பது வருஷம் கழித்துத்தான் ஒரு பெண்ணுக்கு அந்தப் படி கிடைத்தது.

ஒருமுறை சேமித்த காசில் நானும் மார்கழிக்குச் சென்னை போனேன். மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்காமல் ஒரு சபாவில் இரண்டு மணிக் கச்சேரிக்குப் போய் உட்கார்ந்தேன். எண்ணிப் பார்த்தேன், கேட்க வந்தவர்கள் பதினாலு பேர். மேடையில் ஒரு இளைஞர் காம்போதி ஆலாபனை. எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மா சின்ன நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டையும் எழுதிக்கொண்டே தொடையில் தாளம் போட்டார். முடிந்ததும் மெல்ல மேடைப் பக்கம் போய் அந்தத் தம்பியிடம் ஏதோ சொன்னார். தம்பி முகம் மலர்ந்துவிட்டது. வெளியே வரும்போது அந்த அம்மாவிடம், "பாட்டி, என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "போன வருஷத்துக்கு இந்த வருஷம் குரல் நல்லா நின்னுருக்குன்னு சொன்னேன்பா" என்றார்.

அந்தப் பாட்டி போன வருஷமும் வந்திருக்கிறார். அவரைப் போன்றவர்கள் வந்து உட்காருவதால்தான் அந்த ஏணி நிற்கிறது என்பது எனக்கு அங்கேதான் உறைத்தது.

3. எல்லாருக்கும் ஏணி எட்டுகிறதா?

சென்னை விழாவில் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. படிக்கும் பிள்ளைகள் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

மேடையில் தெலுங்கு, சமஸ்கிருதப் பாட்டுகளே நிறைந்திருந்தன, தமிழுக்கு இடம் குறைவு என்ற குறை எழுந்ததால் தமிழிசை இயக்கம் வளர்ந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்நின்று 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கினார். இன்றும் டிசம்பரில் அதன் விழா நடக்கிறது.

மேடையும் சபையும் சில சமூகத்தாருக்கே என்று ஆகிவிட்டதே என்ற கேள்வியும் உண்டு. பாடகர் டி. எம். கிருஷ்ணா இதை வெளிப்படையாகப் பேசினார். 2015-லிருந்து டிசம்பர் விழாவில் பாடுவதில்லை என்று முடிவெடுத்தார். அதே வருஷம் சென்னை பெசன்ட் நகர்ப் பக்கம் உள்ள ஊரூர் ஆல்காட் குப்பம் என்ற மீனவர் குப்பத்தில் விழா எடுப்பதிலும் அவர் முன்நின்றார். அவர் சொல்வதை ஏற்காதவர்களும் நிறையப் பேர். ஆனால் ஒரு கேள்வியை நாம் எடுத்துக்கொள்ளலாம்: மண்டபத்துக்கு வர முடியாதவர்களிடம் மண்டபம் போகக் கூடாதா?

இது நம்ம தோட்டத்துக் கேள்வியும்தான். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகள் காலியாகி, சனங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போய்விட்டார்கள். வகுப்பு பட்டணத்தில். மாதக் கட்டணம், மோட்டார் எண்ணெய், சுருதிப் பெட்டி எல்லாம் சேர்த்தால் ஒரு குடும்பத்துக்குப் பாரம். "டியூஷனுக்கே காசு பத்தல, பாட்டு என்ன பாட்டு" என்று பெற்றோர் கேட்டால் அவர்கள்மேல் கோபப்பட முடியுமா?

4. நம்ம காதில் ஏற்கெனவே இருப்பது

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். கர்நாடக இசை எனக்குப் புதுசு என்று சொல்லும் பிள்ளைகளே, திருமுறை ஓதும் போட்டிக்குப் போயிருக்கிறீர்கள்தானே? அப்படியென்றால் உங்களுக்கு ராகம் தெரியும், பெயர்தான் தெரியாது.

தேவாரப் பதிகங்கள் பண் முறையில் அமைந்தவை. திருஞானசம்பந்தரின் முதல் பதிகத்துக்குப் பண் நட்டபாடை. இன்று அதைக் கம்பீரநாட்டை ராகத்தில் பாடுகிறோம். தக்கேசிப் பண் இன்றைய காம்போதி. பழம்பஞ்சுரம் சங்கராபரணம். காந்தாரபஞ்சமம் கேதாரகௌளை. செவ்வழி யதுகுலகாம்போதி. சென்னைச் சபாவில் அந்தத் தம்பி காம்போதி பாடியபோது எனக்கு அது அந்நியமாக இல்லை. என் தோட்டத்துக் கோயிலில் ஓதியது ஞாபகம் வந்தது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், திருப்பதியம் பாட நாற்பத்தெட்டுப் பேரையும், உடன் வாசிக்க உடுக்கைக்கு ஒருவர், கொட்டி மத்தளத்துக்கு ஒருவர் என இரண்டு பேரையும் இராஜராஜன் நியமித்த செய்தி உண்டு. அவர் மகன் இராஜேந்திரன் 1025-ஐ ஒட்டிப் படையெடுத்த கடாரம்தான் நாம் வாழும் இந்தக் கெடா. அந்தப் பாடகர்களுக்கு அரசன் நெல் அளந்து கொடுத்தான். நம்ம ஊரில் பாடுகிற பிள்ளைக்கு நாம் அளக்க வேண்டியது நேரம். அதையும் கொடுக்காமல் வெளியில் தே தாரிக் குடித்தவன் நான்.

5. கேட்பது எப்படி?

கச்சேரிக்கு ஒரு வரிசை உண்டு. இன்று நாம் காணும் முறையை வகுத்தவர் என்று அரியக்குடி இராமானுஜ ஐயங்காரைச் சொல்வார்கள். பொதுவாக இப்படி வரும்:

வர்ணம்: குரலும் விரலும் சூடேற.
சின்னக் கீர்த்தனைகள்: பிள்ளையார் பாட்டு போன்றவை.
முக்கிய உருப்படி: ஆலாபனை, கீர்த்தனை, நிரவல், கற்பனை ஸ்வரம்.
தனி ஆவர்த்தனம்: மிருதங்கம், கடம், கஞ்சிரா தனித்து வாசிப்பது.
துக்கடாக்கள்: திருப்புகழ், பதம், தில்லானா போன்றவை. கடைசியில் மங்களம்.

கேட்பவர் செய்ய வேண்டியது அதிகமில்லை. தொடங்குமுன் உட்காருங்கள். தாளம் தெரிந்தால் மெல்லப் போடுங்கள், தெரியாவிட்டால் பக்கத்தில் போடுபவரைப் பாருங்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து கேண்டீன் போகாதீர்கள். மூன்று மணி நேரம் மற்றவருக்காக வாசித்தவரின் சொந்த நேரம் அது. கைப்பேசியை உயர்த்திப் படம் பிடிப்பதைவிடப் பாடுபவர் கண்ணைப் பாருங்கள். முடிந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். "சூப்பர்" போதாது, எந்த இடம் பிடித்தது என்று சொல்லுங்கள்.

6. நாங்கள் செய்தது

அந்தத் தங்கச்சி ஆறு மாதம் பாடவில்லை. வகுப்புக்கு வரும், வாய் திறக்காது. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லண்ணே" என்றது. அந்த வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த மார்கழியில் ஒரு தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் மூன்று சனிக்கிழமை, சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டுவரை, ஒரு சின்ன இசை விழா வைத்தோம். பூசாரி ஐயாவும் தலைவரும் இடம் கொடுத்தார்கள். மேடை இல்லை, பாய் விரித்தோம். ஒரு சட்டம் வைத்தோம்: பெரிய வித்வானாக இருந்தாலும், பிரமுகராக இருந்தாலும், முதலில் பாடும் பிள்ளையின் முதல் பாட்டுக்கு வந்து உட்கார வேண்டும். அதற்கு ஒப்புக்கொண்டவர்களை மட்டும்தான் அழைத்தோம். இரண்டு பேர் மறுத்தார்கள். பினாங்கிலிருந்து வந்த மூத்த வித்வான் ஒருவர் நாலே முக்காலுக்கே வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்.

முதல் நாள் முதல் பாட்டு அந்தத் தங்கச்சி. கேட்டவர்கள் முப்பத்தொரு பேர். அம்மா ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்திருந்தார். அப்பா பின்னால் தூணருகே நின்றுகொண்டே கேட்டார். நடுவில் ஒரு சங்கதி மறந்து பிள்ளை தடுமாறியது. வித்வான் தாளத்தை விடாமல் போட்டுக்கொண்டே இருந்தார். அடுத்த ஆவர்த்தனத்தில் பிடித்துக்கொண்டது. கடைசியில், அன்றைக்குப் பாடாமல் விட்ட அந்தத் தேவாரத்தைப் பாடியது.

இன்னும் அந்தப் பிள்ளை பெரிய மேடை ஏறவில்லை. ஏறுமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இப்போது வகுப்பில் சின்னப் பிள்ளைகள் நாலு பேருக்கு அதுதான் சொல்லிக்கொடுக்கிறது.

செயல்பாடு

உங்கள் கிளையில் இந்த மார்கழிக்குள் ஒரு மாலை ஒதுக்குங்கள். பாடவோ வாசிக்கவோ தெரிந்த ஒரு பிள்ளைக்கு முழுதாக இருபது நிமிஷம் கொடுங்கள். நாகஸ்வரம், தவில், உறுமி எதுவானாலும் சரி. எல்லாரும் தொடங்குமுன் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சிந்திக்க

1. உங்கள் ஊர்க் கோயிலில் மேள வாத்தியம் வாசிப்பவரின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவர் வாசிப்பை ஒருமுறையாவது பேசாமல் நின்று கேட்டிருக்கிறீர்களா?

2. நிகழ்ச்சி தாமதமானால் நாம் யாருடைய நேரத்தை வெட்டுகிறோம்? ஏன்?

3. நீங்கள் ஓதும் ஒரு பதிகத்தின் பண் எது? இன்றைய ராகம் எது? ஆசிரியரிடம் கேட்டு அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.